கடல் தெரியும் வீடு

போன பெப்ரவரியில் ஒரு ஞாயிறு இரவு, பிள்ளைகள் நித்திரையான பிறகு, வீடு விற்கிற ஆப் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்கும் யோசனை எதுவும் இல்லை. லண்டனில் சின்ன வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிற எல்லாருக்கும் வருகிற வியாதிதான் அது. உங்களில் பாதிப்பேருக்கும் இருக்கும்.

இங்கிலாந்தின் கிழக்கே, நோர்ஃபோக் கரையில் ஒரு வீடு கண்ணில் பட்டது. தனிவீடு. மூன்று அறை. பின்னால் புல்வெளி, அதற்கு அப்பால் கடல். குசினி ஜன்னலிலிருந்தே கடல் தெரிகிற மாதிரி ஒரு படம். விலையோ, எங்கள் பக்கத்தில் ஒற்றை அறை ஃபிளாட் ஒன்றுக்குக் கேட்கிறதைவிடக் குறைவு. வடிவாக இருக்கிறதே என்று அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.

விடிய ஆறரைக்கு அப்பா போன் எடுத்தார்.

"தம்பி, அந்த வீட்டுக்குக் கடல் எந்தப் பக்கம்?"

"கிழக்கு அப்பா."

"அப்ப சூரியன் கடலுக்குள்ளால வரும். எங்கட வீட்டுக்குக் கடல் வடக்கு."

எங்கட வீடு என்று அவர் சொன்னது, அவர் முப்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிற லண்டன் வீட்டை அல்ல. மயிலிட்டியில் இருந்த வீட்டை. 1990இல் உடுத்த உடுப்போடு அங்கிருந்து வெளிக்கிட்டவர்கள் அப்பாவும் அம்மாவும். அதற்குப் பிறகு அந்தக் கரை இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. 2017இல் ஒரு பகுதியை விட்டபோது அப்பா போய்ப் பார்த்தார். வீடு இல்லை. கிணறு இருந்தது. காணி உறுதி மட்டும் இன்றைக்கும் லண்டனில், அலுமாரியின் மேல்தட்டில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது.

அதனால், அந்த வாரமே அவர் கணக்குப் போடத் தொடங்கியது எனக்கு ஆச்சரியமில்லை. பென்ஷனில் மொத்தமாக எடுத்த காசு, அம்மாவின் சேமிப்பு, இரண்டையும் சேர்த்தால் வாங்கலாம். "உன்ர பிள்ளையள் லீவுக்கு வந்து நிக்கலாம். அதுகளுக்கும் கடல் எண்டா என்னெண்டு தெரியவேணும்" என்றார்.

விளம்பரத்தின் அடியில் ஒரு வரி இருந்தது: ரொக்கமாக வாங்குபவர்கள் மட்டும். அப்பா அதை அதிர்ஷ்டமாக எடுத்துக்கொண்டார். "எங்களுக்கு மோர்ட்கேஜ் தேவையில்லைதானே!" நான் சொஃப்ட்வெயர் எழுதிச் சாப்பிடுகிறவன். ஒரு வரி இருந்தால் அதை யாரோ ஒரு காரணத்துக்காகத்தான் எழுதியிருப்பார்கள். எந்த வங்கியும் கடன் கொடுக்காத வீடு என்றால், வங்கிக்கு என்ன தெரியும், எங்களுக்கு என்ன தெரியாது?

சனிக்கிழமை எல்லாரும் காரில் போனோம். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். வீடு படத்தில் இருந்ததைவிட வடிவு. அம்மா குசினியைப் பார்த்தா. அப்பா நேரே பின்பக்கம் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. ஏழு வயது மகள் பின்கதவிலிருந்து புல்வெளியின் முடிவு வரை எண்ணிக்கொண்டு நடந்தாள். "நாற்பத்தொரு ஸ்டெப்ஸ், அப்பப்பா!" அதற்குப் பிறகு வேலி. பக்கத்துக் காணியின் வேலிக்கட்டைகள் இரண்டு, கம்பியில் தொங்கியபடி வெறும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

அந்தக் கரையின் மேடு கற்பாறை இல்லை. பனியாறுகள் கொண்டுவந்து கொட்டிவிட்டுப்போன மணலும் களியும். அடியில் அலை அரிக்கும், மேலே மழைத்தண்ணீர் ஊறும், ஒருநாள் பொலபொலவென்று சரியும். அந்தக் கரையில் ஹேஸ்பரோ என்றொரு ஊர் இருக்கிறது. 2013இல் அங்கே கடல் மணலை அள்ளிக்கொண்டு போனபோது, எட்டு லட்சம் வருஷத்துக்கும் முந்திய மனிதர்களின் கால்தடங்கள் வெளியே தெரிந்தன. பெரியவர்களோடு சிறுபிள்ளைகளும் நடந்த தடங்கள். இரண்டு கிழமைக்குள் அதே கடல் அவற்றையும் அழித்துவிட்டது. அதே வருஷம் டிசம்பர் 5 இரவு கடல் பொங்கியபோது, தெற்கே ஹெம்ஸ்பியில் மணல்மேட்டில் இருந்த வீடுகள் சில சரிந்து விழுந்தன. 2023 மார்ச்சில் இன்னும் சில வீடுகள், விழுவதற்கு முன்பே இடிக்கப்பட்டன.

வீட்டுக்கு வந்து இரவிரவாகத் தேடினேன். இங்கிலாந்தின் ஒவ்வொரு துண்டுக் கரைக்கும், அதை என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு திட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் தடுப்பைக் காப்பார்கள். சில இடங்களில் கரையைக் கட்டுப்பாட்டோடு பின்வாங்க விடுவார்கள். சில இடங்களில் தலையிடாமல் விட்டுவிடுவார்கள். என் தொழில் பாஷையில் சொன்னால், இனிமேல் அப்டேட் கிடையாது. நாங்கள் பார்த்த வீட்டுத் துண்டுக்கு எழுதியிருந்தது அந்தக் கடைசி முடிவு. கரை அரிப்பு வரைபடத்தில் 2055க்கான கோடு வீட்டைத் தாண்டி, முன்பக்கத் தெருவில் போனது. 2055இல் மகளுக்குக் கிட்டத்தட்ட என் வயது.

நீங்களும் கடல் தெரிகிற வீடு பார்க்கப் போகலாம். இங்கிலாந்தில் என்றால் நான் அறிந்துகொண்டது இவ்வளவு. வெள்ளம் வேறு, கரை அரிப்பு வேறு. வெள்ள ஆபத்துள்ள வீடுகளுக்குக் கட்டுப்படியாகிற இன்சூரன்ஸ் கிடைக்க ஃப்ளட் ரீ என்றொரு ஏற்பாடு 2016இலிருந்து இருக்கிறது. அது 2039 வரைதான், 2009இலிருந்து கட்டிய வீடுகளுக்கு இல்லை. கரை அரிப்பையோ சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் ஏற்காது. வீடு கடலோடு போனால் அரசாங்கம் நட்டஈடு தராது. இடிக்கிற செலவுக்கு 6,000 பவுண் வரை உதவி உண்டு, அவ்வளவுதான். அதனால் படம் பார்க்க முதல் கரைத் திட்டத்தைப் பாருங்கள், 2055க்கும் 2105க்கும் உள்ள கோடுகளைப் பாருங்கள். சொலிசிட்டரிடம் கரை அரிப்பு என்று பெயர் சொல்லியே கேளுங்கள். ரொக்கம் மட்டும் என்று கண்டால் ஏன் என்று கேளுங்கள். வேறு நாட்டில் இருந்தாலும் கேள்விகள் இவைதான்: இந்தக் கரையை யார் காக்கிறார்கள், எவ்வளவு காலத்துக்கு, நிலம் போனால் யார் தலையில்?

இவ்வளவையும் படிப்பது எனக்குச் சுலபம். அப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டம். ஒரு கடற்கரை வீட்டை இழந்த மனிதரிடம், ஆசைப்பட்டு எடுக்கப்போகிற இன்னொன்றையும் இழக்கத்தான் போகிறீர்கள் என்று எப்படிச் சொல்வது? படத்தை அனுப்பியவனும் நான்தானே.

லாப்டொப்பைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் இருந்து, கோட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நிறைய நேரம் பார்த்தார்.

"அப்ப காணி கடலுக்குள்ள போனாலும் உறுதி எங்கட பேரிலதான் இருக்கும், என்ன?"

"ஓம் அப்பா."

"எனக்கு அப்பிடி ஒண்டு ஏற்கெனவே இருக்கு" என்றார். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார். "வீடு வேண்டவேணும் எண்டில்லையடா. அதுகள் விடியக் கடலைப் பாக்கவேணும். நான் பக்கத்தில நிக்கவேணும்." இதைச் சொல்ல அவருக்கு ஒரு வீடும், எனக்கு இரண்டு இரவும் தேவைப்பட்டன. நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, உங்களுக்கு ஏன் இந்த வீடு என்பதுதான். நான் கேட்டதெல்லாம் எவ்வளவு காசு இருக்கிறது என்பது.

ஓகஸ்டில் அதே கரையில், கடலுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு வீட்டை ஒரு கிழமைக்கு வாடகைக்கு எடுத்தோம். கடல் வீட்டிலிருந்து தெரியாது, பத்து நிமிஷம் நடக்க வேண்டும். அப்பா ஒவ்வொரு நாளும் ஐந்து மணிக்கு எழும்பிப் பிள்ளைகளை எழுப்பினார். மூன்றாம் நாள் மகன் வரமாட்டேன் என்று போர்வைக்குள் ஒளித்துக்கொண்டான். மகள் போனாள். திரும்பி வந்து என்னிடம், "அப்பப்பாவின்ர வீட்டில கடல் நோர்த்தில இருந்ததாம், உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

அடுத்த வருஷத்துக்கும் அதே வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. அப்பாதான் கட்டினார், ரொக்கமாக.