மிஸ் அமெரிக்கா மாற்றிய சட்டம்

அழகிப் பட்டம் வாங்கிய ஒரு பெண் செய்தி வாசிக்க வந்தால், முகத்துக்குக் கிடைத்த வேலை என்று சட்டெனச் சொல்லிவிடுகிறோம். கிரெட்சென் கார்ல்சனின் வாழ்க்கையைப் படித்தபின் அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துப் பெண். சிறுவயது முதலே வயலின்தான் உயிர். ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தபோது, 1988 செப்டம்பரில் அட்லாண்டிக் சிட்டி மேடையில், தேர்ந்த கலைஞர்களே அஞ்சும், இசையமைப்பாளர் சரசாத்தேயின் வயலின் உருப்படி ஒன்றை வாசித்தார். 'மிஸ் அமெரிக்கா 1989' ஆனார். பிறகு கல்லூரிக்குத் திரும்பிப் பட்டமும் வாங்கினார்.

நேராகப் பெரிய சேனலில் போய் உட்காரவில்லை. ரிச்மண்ட், சின்சினாட்டி, கிளீவ்லாந்து, டல்லஸ் என்று உள்ளூர்த் தொலைக்காட்சிகளில் பல ஆண்டுகள் உழைத்த பிறகே 2000இல் சிபிஎஸ், 2005இல் ஃபாக்ஸ் நியூஸ். அங்கே காலை நிகழ்ச்சியின் முகங்களில் ஒருவராகி, 2013இல் தனக்கென ஒரு பிற்பகல் நிகழ்ச்சியும் பெற்றார்.

2016 ஜூனில் அந்த வேலை போனது. ஜூலை 6ஆம் தேதி, ஃபாக்ஸ் நியூஸ் தலைவர் ரோஜர் எய்ல்ஸ் மீது பாலியல் தொல்லை வழக்குத் தொடுத்தார். இங்கே ஒரு நுணுக்கம். நிறுவனத்தோடு தகராறு வந்தால் நீதிமன்றம் போகக்கூடாது, மூடிய அறையில் மத்தியஸ்தர் முன்னால்தான் பேச வேண்டும் என்றது அவருடைய வேலை ஒப்பந்தம். அதனால்தான் நிறுவனத்தை விட்டுவிட்டு எய்ல்ஸ் என்ற தனிமனிதர் மீது வழக்கு. எய்ல்ஸ் குற்றச்சாட்டை மறுத்தார். ஆனால் மேலும் பல பெண்கள் பேச முன்வந்தார்கள். இரண்டே வாரத்தில் எய்ல்ஸ் பதவி விலகினார். செப்டம்பரில் தாய் நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. வழக்கு சமரசத்தில் முடிந்தது; 2 கோடி டாலர் கொடுத்ததாகச் செய்தி வந்தது. பாலியல் தொல்லைக்கு எதிரான 'மீ டூ' அலை எழுந்தது அதற்கும் ஓராண்டு கழித்துத்தான்.

அந்தச் சமரசத்துக்கு ஒரு விலை இருந்தது: நடந்ததை அவர் வெளியே சொல்லக்கூடாது. 2019இல் 'பாம்ப்ஷெல்' படத்தில் நிக்கோல் கிட்மன் கார்ல்சனாக நடித்தார். கார்ல்சனோ அந்தப் படத்துக்கு ஒரு வார்த்தை உதவ முடியவில்லை. ஊரார் கதையையெல்லாம் கேட்டுச் சொல்வதைத் தொழிலாகக் கொண்டவருக்குத் தன் கதையைச் சொல்லத் தடை. இதைவிடக் கொடுமை ஒரு பத்திரிகையாளருக்கு வேறென்ன?

அவர் முடங்கிவிடவில்லை. 2018இல் மிஸ் அமெரிக்கா அமைப்பின் தலைவராகி நீச்சலுடைச் சுற்றை நிறுத்தினார். சட்டத்தை மாற்றக் கோரி, கட்சி பேதம் பாராமல் நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்தித்துப் பேசினார். பாலியல் தொல்லைப் புகார்களை மத்தியஸ்தத்துக்குள் அடைக்கும் கட்டாயத்தை நீக்கும் சட்டம் 2022 மார்ச் 3 அன்று கையெழுத்தானது. இத்தகைய புகார்களில் முன்கூட்டியே எழுதி வாங்கும் வாய்ப்பூட்டு செல்லாது என்ற சட்டம் அதே ஆண்டு டிசம்பரில் வந்தது. கார்ல்சனுடைய சமரச ஒப்பந்தம் தகராறுக்குப் பின் போட்டது. இந்தச் சட்டம் அதைத் தொடாது. தனக்குக் கிடைக்காத உரிமையை மற்றவர்களுக்கு வாங்கிக் கொடுத்தார். அவருடைய வாழ்நாள் செய்திப்பணியில் இதுவே பெரியது என்பேன்.

உங்கள் மகள் முதல் வேலைக்கான ஒப்பந்தத்தோடு வீட்டுக்கு வந்தால், சம்பளத்தைப் பார்த்ததும் தாளை மூடிவிடாதீர்கள். தகராறு வந்தால் எங்கே போக வேண்டும், எதை வெளியே பேசக்கூடாது என்கிற பிரிவுகளை அவளோடு உட்கார்ந்து படியுங்கள். கையெழுத்து அதற்குப் பிறகு போடட்டும்.