கேமரூன்: வாக்கு மக்களுடையது, அதிகாரம் மாளிகையுடையது

2025 அக்டோபர் 12 அன்று நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில் 53.66 சதவீத வாக்குகளுடன் பால் பியா எட்டாவது முறையாக வெற்றி பெற்றதாக கேமரூனின் அரசியல் சட்ட மன்றம் அறிவித்தது. அப்போது அவருக்கு வயது 92. 1982 முதல் அவரே ஜனாதிபதி. முடிவை ஏற்க மறுத்து வீதியில் திரண்ட மக்கள் மீது பாதுகாப்புப் படைகள் ஏவப்பட்டன; பலர் உயிரிழந்தனர். இதனை ஒரு முதியவரின் பதவி ஆசை என்று மட்டும் சுருக்கிவிடுவது, அவரைத் தாங்கி நிற்கும் அரசமைப்பை மறைப்பதாகும்.

ஏட்டளவில் அங்கு எல்லாம் உண்டு. 180 உறுப்பினர் கொண்ட தேசிய சபை, 100 உறுப்பினர் கொண்ட செனட், பிரதமர், நீதிமன்றங்கள், பல கட்சிகள். ஆனால் பிரதமரையும் அமைச்சர்களையும் நியமிப்பவர் ஜனாதிபதி. பத்து மாநிலங்களின் ஆளுநர்களும் அவரது நியமனமே. செனட்டர்களில் 30 பேரை அவரே நியமிக்கிறார். நீதிபதிகளுக்கான உயர் குழுவின் தலைவரும் அவரே. தேர்தலை நடத்தும் அமைப்பின் உறுப்பினர்களும், முடிவை அறிவிக்கும் அரசியல் சட்ட மன்றத்தின் உறுப்பினர்களும் அவரது ஆணையின்படியே பதவி ஏற்கின்றனர். போட்டியாளரே நடுவரையும் நியமிக்கிறார்! தேர்தலும் ஒரே சுற்றுதான். பாதி வாக்குகள் கூடத் தேவையில்லை.

1996இல் திருத்தப்பட்ட அரசியல் சட்டம், ஒருவர் இரு முறைக்கு மேல் ஜனாதிபதியாக முடியாது என்றது. 2008இல் அந்த வரம்பு நீக்கப்பட்டது. அதற்கு முன் விலைவாசி உயர்வையும் இத்திருத்த முயற்சியையும் எதிர்த்துப் போராடியவர்களில், அரசுக் கணக்குப்படியே 40 பேர் கொல்லப்பட்டனர்.

இந்த அமைப்பின் வேர் காலனி ஆட்சியில் இருக்கிறது. தொழிற்சங்கத் தலைவர் ரூபன் உம் நியோபே வழிநடத்திய கேமரூன் மக்கள் ஒன்றியம் உண்மையான சுதந்திரம் கோரியது. பிரெஞ்சு ஆட்சி 1955இல் அதைத் தடை செய்தது. 1958 செப்டம்பர் 13 அன்று உம் நியோபே பிரெஞ்சுப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1960இல் ஃபெலிக்ஸ் மூமியே ஜெனீவாவில் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டார். சுதந்திரத்துக்காகப் போராடியவர்களை அழித்துவிட்டு, பிரான்சுக்கு உகந்த அகமது அகிஜோவிடம் ஆட்சி ஒப்படைக்கப்பட்டது. அவர் தேர்ந்தெடுத்த வாரிசுதான் பியா. கேமரூனில் போர் நடத்தியதை பிரான்ஸ் ஜனாதிபதி மக்ரோன் 2025இல்தான் ஒப்புக்கொண்டார், மன்னிப்புக் கோரவில்லை.

கூட்டாட்சியும் அதே கதியை அடைந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த தெற்குப் பகுதி, கூட்டாட்சி உறுதியை நம்பி 1961இல் இணைந்தது. 1972இல் பொதுவாக்கெடுப்பு ஒன்றின் மூலம் கூட்டாட்சி ஒழிக்கப்பட்டது. ஆங்கிலம் பேசும் அப்பகுதியின் வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் 2016இல் நடத்திய அமைதிப் போராட்டத்துக்கு அடக்குமுறையே பதிலாகக் கிடைத்தது. அது ஆயுத மோதலாக வெடித்து, ஆயிரக்கணக்கான உயிர்களைப் பறித்துள்ளது.

நாணயமும் நாட்டின் கையில் இல்லை. 1945இல் பிரான்ஸ் உருவாக்கிய சிஎஃப்ஏ பிராங்க், இன்று யூரோவுடன் பிணைக்கப்பட்டுள்ளது. மத்திய ஆப்பிரிக்காவின் ஆறு நாடுகளுக்கான இந்த ஏற்பாட்டில், அந்நியச் செலாவணிக் கையிருப்பின் ஒரு பகுதி பிரெஞ்சுக் கருவூலத்தில் வைக்கப்படுகிறது. எண்ணெயும் கொக்கோவும் மரமும் வெளியேறுகின்றன. வேலையற்ற இளைஞர்கள் எஞ்சுகின்றனர்.

எனவே பியா விலகுவதால் மட்டும் கேமரூனுக்கு விடிவு வந்துவிடாது. அதே அதிகாரக் குவிப்பு இன்னொருவரின் கைக்கு மாறக்கூடும். சுதந்திரமான தேர்தல் அமைப்பு, மாநிலங்களுக்கு உண்மையான அதிகாரம், நாணயத்தின் மீதும் இயற்கை வளங்களின் மீதும் மக்களின் இறையாண்மை ஆகியவையே உண்மையான மாற்றத்தின் அளவுகோல்கள். உம் நியோபே உயிர் கொடுத்த அந்தக் கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை. அதை யவுண்டேயின் ஜனாதிபதி மாளிகை தரப்போவதில்லை. கேமரூனின் தொழிலாளர்களும் விவசாயிகளும் இளைஞர்களும் ஒன்றுபட்டுப் போராடித்தான் பெற வேண்டும்.