வாய்க்குள் ஸ்கேனரா, மாவு அச்சா: எமது சங்கத்தின் நிலைப்பாடு

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் பணியாற்றும் பல் வைத்தியர்களும் பல் தொழில்நுட்பவியலாளர்களும் சேர்ந்தது எமது சங்கம். அண்மைக்காலமாக எம்மிடம் வருகிறவர்கள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். பல்லுக் கட்ட இன்னும் ட்ரேயில் மாவைக் குழைத்து வாய்க்குள் வைக்கத்தான் வேண்டுமா, கொழும்பில் செய்கிறதுபோலக் கமராவால் ஸ்கேன் பண்ணினால் போதாதா? விளம்பரங்களும் முகநூல் காணொளிகளும் இந்தக் கேள்வியை வளர்த்துவிட்டிருக்கின்றன. பொதுப் பணத்தில் கருவி வாங்கும் பேச்சும் எழுவதால் சங்கம் தன் நிலைப்பாட்டை வெளிப்படையாகச் சொல்கிறது.

ஸ்கேனரை வரவேற்கிறோம். சில நோயாளருக்கு அது கிடைக்காமலிருப்பதே அநீதி என்று கருதுகிறோம். அதேவேளை, முழுப் பல்லும் இழந்து கட்டுப்பல்லுக்கு வருகிற முதியவருக்குக் கையால் எடுக்கும் அச்சே இன்றும் பொருத்தமானது. அதைப் ‘பழைய முறை’ என்று ஒதுக்குவதை ஏற்கமாட்டோம். ஒவ்வொரு வைத்தியசாலைக்கும் ஒரு வாய் ஸ்கேனர் என்ற யோசனையையும் நாம் ஆதரிக்கவில்லை.

வாயை ஒளியால் அளக்கும் எண்ணம் 1970களிலேயே பிரான்சின் பிரான்சுவா துரே முன்வைத்தது. சூரிச் நகரில் வேர்னர் மோர்மனும் மார்க்கோ பிராண்டெஸ்டினியும் உருவாக்கிய கருவி 1985இல் நோயாளியின் வாயில் வேலை செய்தது. அப்போது பல்லின்மேல் வெள்ளைப் பொடி தூவவேண்டியிருந்தது. இன்றைய பெரும்பாலான கருவிகளுக்குப் பொடி வேண்டாம். பல்லின் மேலாக நகரும்போதே அடுத்தடுத்துப் படம்பிடித்து, ஒன்றோடொன்று பொருத்தி, முப்பரிமாண உருவாகத் திரையில் காட்டிவிடும். ஒரு பல்லுக்குக் கப் போடுவதற்கும், பக்கத்துப் பற்களைத் தாங்கலாகக் கொண்டு இடைவெளியொன்றை நிரப்பும் சிறிய பாலத்துக்கும் ஸ்கேனர் நல்ல சிலிக்கோன் அச்சுக்குச் சமமாக நிற்கிறது. ஓங்காளம் வராது. தவறு நேர்ந்தால் நோயாளி கதிரையில் இருக்கும்போதே தெரியும். அந்த இடத்தை மட்டும் திரும்ப எடுக்கலாம்.

ஆனால் பொருத்திப் பொருத்திப் போவதில்தான் அதன் பலவீனமும் இருக்கிறது. கரையில் கோயிற் கோபுரமும் தென்னைகளும் தெரியும்வரை தோணிக்காரன் திசை தவறமாட்டான். பற்கள் வரிசையாக நிற்கும்வரை ஸ்கேனரும் அப்படித்தான். பல்லில்லாத, ஈரமான, வழுவழுப்பான முரசில் அதற்கு அடையாளம் அதிகம் கிடைக்காது. ஒரு கொடுப்பிலிருந்து மறு கொடுப்புவரை முழுத் தாடையையும் எடுக்கும்போது ஒவ்வொரு பொருத்தத்திலும் நேரும் சிறு பிசகு சேர்ந்துகொண்டே போகிறது. ஒளி படாத இடமும் பதிவாகாது. முரசுக்குக் கீழே இறங்கிய விளிம்பை இரத்தமோ எச்சிலோ மூடினால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் அந்த இரத்தத்தையும் எச்சிலையும்தான் படம்பிடிக்கும்.

முழுக் கட்டுப்பல் தாடையோடு ஒட்டியிருப்பது பெரும்பாலும் ஓரம் முழுவதும் காற்றுப் புகாமல் அடைபடுவதால். அந்த ஓரத்தைப் பிடிக்கிற வேலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். முதல் அச்சிலிருந்து வார்த்த மாதிரியின்மேல் அந்த நோயாளிக்கென்றே ஒரு ட்ரே செய்கிறோம். பச்சைநிறக் கொம்பவுண்ட் குச்சியை ஸ்பிரிட் விளக்கில் காட்டி இளக்கி, ட்ரேயின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படியவிட்டு, வாய் சுடாதபடி இளஞ்சூட்டு நீரில் ஒருதரம் தோய்த்து உள்ளே வைக்கிறோம். “உதட்டைக் குவியுங்கோ அம்மா, இனிச் சிரியுங்கோ, நாக்கை இந்தப் பக்கம் கொண்டுவாங்கோ.” கன்னமும் உதடும் நாக்கும் அசைகிற அளவுக்கு அந்த ஓரம் தானாகவே உருண்டு வடிவெடுக்கிறது. நன்றாக வந்த ஓரம் பளபளக்காது; மங்கலாக, உருட்சியாக இருக்கும். பிறகுதான் கராம்பு மணக்கும் துத்தநாக ஒட்சைட்டுப் பசையை மெல்லிதாகப் பூசி இறுதி அச்சை எடுக்கிறோம். வெல்லாவெளியிலிருந்து வருகிற ஒரு மூதாட்டி சோற்றை மென்று விழுங்குவதும், நாலு பேருக்கு முன் பல் கழலாமல் பேசுவதும் இந்த ஓரத்தில்தான் தங்கியிருக்கிறது. தசை எவ்வளவு இழுக்கும், முரசு எந்த அழுத்தத்துக்கு எவ்வளவு அமுங்கும் என்பதை விரல் உணர்கிறது. ஒளிக்கு அது தெரியாது.

அச்சின்மீது சுமத்தப்படும் குறைகள் பல, உண்மையில் அவசரத்தாலும் கவனயீனத்தாலும் வருபவை. ட்ரேயில் குழைக்கும் மாவான அல்ஜினேட், கபிலநிறக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் பொருள். அதுவரை அச்செடுக்கப் பயன்பட்ட யப்பானிய அகர் இரண்டாம் உலகப் போரில் கிடைக்காமற் போனபோது உலகெங்கும் பரவியது. காற்றில் வைத்தால் நீரை இழந்து சுருங்கும். தண்ணீரில் போட்டால் உறிஞ்சி வீங்கும். எமது பகுதியின் மத்தியான வெயிலில் குழாய்த் தண்ணீரே சூடாக வரும். அதில் குழைத்தால் பெட்டியில் எழுதியிருக்கும் நேரத்துக்கு முன்பே இறுகிவிடும். காலையில் எடுத்த அச்சை ஈரத்துணியில் சுற்றி, மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் படகுப் பாதையில் ஏற்றி, அங்கிருந்து பஸ்ஸில் அனுப்பினால், ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர்வது அந்த வாயின் அளவாக இராது. ஆகவே அல்ஜினேட் அச்சு அச்சாகவே கிளினிக்கை விட்டு வெளியேறக் கூடாது. கழுவி, தொற்றுநீக்கி, உடனே கல்மாவில் வார்த்துவிட வேண்டும். பயணப்படுவது மாதிரியாக இருக்கட்டும். நாட்கணக்கில் அளவு மாறாமலிருக்கும் சிலிக்கோன் அச்சுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு.

ஸ்கேனர் இல்லாமல் நடக்கக் கூடாத இடங்களும் இருக்கின்றன. அண்ணப்பிளவோடு பிறந்த குழந்தை முதலாவது. பால் குடிக்க உதவும் தகட்டுக்காக அதன் வாயில் அச்சுப்பொருளை வைக்கும் ஒவ்வொரு தடவையும், ஒரு துண்டு உடைந்து மூச்சுக்குழாயை அடைத்துவிடுமோ என்ற பயத்தோடுதான் வைக்கிறோம். அடுத்தவர்கள், வெற்றிலை பாக்குப் பழக்கத்தால் வாயின் உட்தோல் இறுகி, இரண்டு விரல் அகலம்கூட வாய் திறக்க முடியாமற் போனவர்கள். இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். அதற்கான சத்திரசிகிச்சையில் அண்ணத்தின் ஒரு பகுதியை இழந்தவருக்கு, உணவு மூக்கால் வராமல் தடுக்கும் தகடு தேவைப்படுகிறது. இவர்களோடு, ட்ரேயைக் கண்டாலே ஓங்காளிக்கிறவர்களையும் விசேட தேவையுள்ள பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவர்களின் வாயின் படம் பேராதனைப் பல் மருத்துவ பீட நிபுணர்களுக்குச் சில நிமிடங்களில் போய்ச் சேருமென்றால், ஒவ்வொரு தடவையும் கைக்குழந்தையோடு கண்டி வீதியில் அலைய வேண்டியதில்லை.

ஆகவே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் ஒரு வாய் ஸ்கேனர், இந்த நோயாளருக்கே முன்னுரிமை என்ற எழுத்துமூல நிபந்தனையோடு இருக்கவேண்டும். களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, காத்தான்குடி ஆதார வைத்தியசாலைகளுக்கெல்லாம் தனித்தனியே வாங்குவதைவிட, வார்த்த மாதிரிகளை ஸ்கேன் செய்யும் மேசைக் கருவி ஒன்றை ஆய்வுகூடத்தில் வைப்பது பயனுள்ளது. மாதிரி அசையாது, எச்சில் ஊறாது. முழுத் தாடையையும் அந்தக் கருவி நுட்பமாக அளக்கும். ஒரு கருவி மாவட்டம் முழுவதற்கும் உதவும்.

வாய் ஸ்கேனரின் விலை மட்டும் சில மில்லியன் ரூபாய். மென்பொருளின் ஆண்டுக் கட்டணம், கொதிநீராவியில் இத்தனை தடவைதான் போடலாம் என்று வரையறுக்கப்பட்ட முனைகள், பழுதானால் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்பிலிருந்து வரவேண்டிய பொறியியலாளர் எல்லாம் அதற்கு மேல். 2022இல் மின்வெட்டு நீண்டபோதும் மருந்துப் பொருட்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோதும் பணியாற்றியவர்கள் நாங்கள். பராமரிப்பு ஒப்பந்தமும் மாற்று மின்வசதியும் இல்லாமல் நன்கொடையாக வரும் கருவியை ஏற்கவேண்டாம் என்று வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஒருவரின் வாயின் முப்பரிமாணப் படம் அவருடைய சுகாதாரத் தகவல். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை அங்கத்தவர்கள் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குக் கோப்பை அனுப்புமுன் நோயாளியின் ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள். கேட்டால் அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தாய்லாந்தில் பல் பதிவுகளைக் கொண்டு ஏராளமானோர் அடையாளம் காணப்பட்டார்கள். நாவலடியிலும் கல்லடியிலும் உறவுகளை இழந்தவர்களுக்கு அப்படியொரு பதிவின் பெறுமதியை நாம் விளக்க வேண்டியதில்லை. அச்சோ ஸ்கேனோ, ஒழுங்காகப் பேணுங்கள்.

தபாலில் பெட்டி அனுப்பி, வாடிக்கையாளரே தம் வாயில் அச்செடுக்க வைத்துப் பல் நிமிர்த்தும் தகடு விற்ற அமெரிக்காவின் ஸ்மைல் டிரெக்ட் கிளப் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, சிகிச்சையின் நடுவில் இருந்தவர்கள் கைவிடப்பட்டார்கள். அந்த நிலை இங்கும் வராதிருக்க, இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற பல் வைத்தியர் வாயைப் பரிசோதிக்காமல் அச்சும் எடுக்கக் கூடாது, ஸ்கேனும் செய்யக் கூடாது. ஸ்கேன் என்பதற்காக மட்டும் கூடுதல் கட்டணம் கேட்கப்பட்டால், தமது வாய்க்கு அது ஏன் தேவை என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. பதில் சொல்வது எமது அங்கத்தவரின் கடமை.

கிழக்கு மாகாண சுகாதாரத் திணைக்களம் அடுத்த கொள்வனவுத் திட்டத்தைத் தயாரிக்குமுன் எம்மையும் ஆய்வுகூடப் பணியாளர்களையும் அழைத்துப் பேசவேண்டுமென்று கோருகிறோம். புதிதாக நியமனம் பெற்று இங்கு வரும் இளம் வைத்தியர்களுக்குப் பச்சைக் குச்சியால் ஓரம் பிடிக்கும் வேலையைக் கட்டணமின்றிக் கற்பிக்க எமது மூத்த அங்கத்தவர்கள் ஆயத்தமாயிருக்கிறார்கள். அதற்கு வேண்டியது ஆய்வுகூடத்தில் ஒரு மேசையும் வாரத்தில் ஒரு பிற்பகலும்.