நில் எனச் சொல்லும் நெஞ்சுரம்

துப்பாக்கி என்றதும் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவது திரைப்படம்தான். அங்கே கதாநாயகன் திரும்பிப் பார்க்காமலே சுட்டாலும் குறி தவறுவதில்லை. வில்லனின் ஆட்கள் சுடும் நூறு குண்டுகளில் ஒன்றும் அவனைத் தொடுவதில்லை. தவறிய அந்த நூறு குண்டுகளும் எங்கே போய் விழுந்தன, யார் வீட்டுக் கூரையைத் துளைத்தன என்று எந்த இயக்குநரும் காட்டுவதில்லை; நாமும் கேட்பதில்லை.

ஆனால் கேட்க வேண்டிய நிலையில் நம்மில் பலர் இருக்கிறோம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய மாணவர் படையில் ஆயுதப் பயிற்சியும் ஒரு பாடம். காக்கிச் சீருடை அணிந்த நம் வகுப்புத் தோழரும் தோழியரும் முகாமுக்குச் சென்று, தரையில் படுத்து, பாயிண்ட் டூ டூ ரைபிளைத் தோளில் அணைத்து, இருபத்தைந்து மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை நோக்கிச் சுட்டுவிட்டு வருகிறார்கள். வந்த பின் ஒரு வாரம் வரை விடுதியில் அதுவே பேச்சு. யார் குண்டுகள் ஒரே இடத்தில் நெருக்கமாகப் பாய்ந்தன, யாருக்குத் தோள் வலித்தது என்றெல்லாம் பேசுகிறோம். பக்கத்தில் படுத்திருந்தவர் எப்படி நடந்துகொண்டார் என்பதை மட்டும் பேசுவதில்லை.

இது படைக்கு மட்டும் உரிய செய்தியும் அன்று. 2008இல் அபினவ் பிந்த்ரா பெய்ஜிங்கில் தங்கம் வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைப் போட்டிகளில் தங்கம் வென்றார். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா பெற்ற ஆறு பதக்கங்களில் மூன்று துப்பாக்கி சுடுதலில் கிடைத்தவை. 2022இல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் கலந்துகொண்டபோது அவரைக் காணத் திரண்ட கூட்டத்தை நாம் அறிவோம். துப்பாக்கி சுடுதல் இன்று இளைஞர் விரும்பும் விளையாட்டு. விருப்பம் வளரட்டும், அதனோடு விழிப்பும் வளர வேண்டாமா என்பதே என் கேள்வி.

சாலையில் செல்பவன் ஓரமாக நடந்தால் ஓரளவு தப்பலாம். சுடுதளத்தில் நிலை வேறு. அங்கே நான் எவ்வளவு கவனமாக இருந்தாலும், என் உயிர் என் கையில் மட்டும் இல்லை. பக்கத்தில் இருப்பவரின் ஆள்காட்டி விரலிலும் இருக்கிறது. அவருடைய உயிரும் அப்படியே என் விரலில் இருக்கிறது. ஆகவே சுடுதளத்தின் முதல் பாடம் குறி பார்ப்பதன்று. பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பது.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ரைபிளின் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். தோளில் ஊன்றியிருக்கும் அதன் குழல்முனை ஒரு சாண் உயர்ந்துவிட்டால், இருபத்தைந்து மீட்டர் தொலைவில் குண்டு பதினைந்து அடிக்கும் மேலே போய்விடும். பக்கவாட்டில் ஒரு சாண் விலகினால் அடுத்தவர் இலக்கையும் தாண்டிப் போய்விடும். ஒரு தும்மலுக்கும் ஓர் எறும்புக் கடிக்கும் ஒரு சாண் அசைவு போதும் அன்றோ? பாயிண்ட் டூ டூ குண்டு சிறியதுதானே என்று எண்ண வேண்டா. தடுப்பு இல்லையேல் அது சுமார் ஒன்றரை கிலோமீட்டர் வரை செல்ல வல்லது. நாம் சுடுவது இருபத்தைந்து மீட்டருக்குத்தான். குண்டுக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

விபத்துகள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் வருவதில்லை. மிக இயல்பான செயல்களால் வருகின்றன. விசையை அழுத்தியும் தோட்டா வெடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். புதியவர் என்ன செய்வார்? "சார், சுடவில்லை" என்று சொல்லிக்கொண்டே துப்பாக்கியோடு திரும்புவார். அந்த ஒரு திருப்பத்தில் வரிசையில் உள்ள அனைவர் மீதும் குழல்முனை ஊர்ந்து போகும். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, குழல்முனையை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு, கையை உயர்த்தி, பயிற்றுநர் வரும்வரை காத்திருப்பதுதான். அரை நிமிடப் பொறுமை ஓர் உயிரைக் காக்கும்.

இப்படி இன்னும் சில உண்டு. சூடான வெற்றுத் தோட்டாக் கூடு பக்கத்தில் இருப்பவரின் சட்டைக் கழுத்துக்குள் விழும், அவர் துள்ளுவார், கையில் துப்பாக்கியும் துள்ளும். தன் இலக்கில் எத்தனை துளை என்று பார்க்கும் ஆவலில், மற்றவர் துப்பாக்கிகள் காலியாகும் முன்பே ஒருவர் எழுந்து முன்னே நடப்பார். இக்காலத்தில் கைப்பேசியும் சேர்ந்துகொண்டது. நிழற்படத்துக்காகத் துப்பாக்கியை நண்பர் பக்கம் நீட்டி, "தோட்டா இல்லை, பயப்படாதே" என்று சிரிப்பவர்கள் உண்டு. தோட்டா இல்லை என்று நம்பப்பட்ட துப்பாக்கியால் உலகெங்கும் எத்தனையோ பேர் மாண்டிருக்கிறார்கள்.

பயிற்றுநர் பக்கத்தில் இருக்கிறாரே, பிறகு என்ன அச்சம் என்று கேட்கலாம். 2014 ஆகஸ்டு மாதம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பொதுமக்கள் பணம் கட்டிச் சுடும் ஒரு தளத்தில், ஒன்பது வயதுச் சிறுமியின் கையில் தானியங்கித் துப்பாக்கி தரப்பட்டது. தொடர்ந்து வெடித்த வேகத்தில் அது அவள் பிடியை மீறி மேலெழுந்தது. அருகில் நின்று கற்றுக்கொடுத்த பயிற்றுநரே குண்டு பாய்ந்து இறந்தார். அங்கே அனுபவம் இருந்தது, கண்காணிப்பும் இருந்தது. இந்தத் துப்பாக்கி இந்தக் கைக்குத் தாங்குமா என்று கேட்டுத் தடுக்கும் ஒரு குரல்தான் இல்லை.

அமெரிக்காவை விடுவோம். நம் மாநிலத்துக்கு வருவோம். 2021 டிசம்பர் 30ஆம் நாள், புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டியில் உள்ள துப்பாக்கி சுடுதளத்தில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். ஒன்றரை, இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால், தாத்தா பாட்டி வீட்டில் இருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் குண்டு ஒன்று பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை செய்தும் பயனில்லை. 2022 ஜனவரி 3ஆம் நாள் அவன் இறந்தான். தளம் தற்காலிகமாக மூடப்பட்டது. அரசு பத்து இலட்சம் ரூபாய் உதவித்தொகை அறிவித்தது.

அந்தச் சிறுவன் சுடுதளத்துக்குப் போனவன் அல்லன். அவனுக்குக் கட்டளை தெரியாது, சிவப்புக் கொடி தெரியாது. ஆயினும் அன்று அவனும் அந்தச் சுடுதளத்துக்குள்தான் இருந்திருக்கிறான். குண்டு எவ்வளவு தூரம் செல்லுமோ அவ்வளவு தூரமும் சுடுதளமே. வேலி போட்ட இடத்தோடு அது முடிவதில்லை.

இராமாயணக் கதையில் தயரதன் குறி தெரியாதவனா? ஒலியைக் கேட்டே இலக்கை வீழ்த்தும் வில்லாளி அவன். நீர் முகக்கும் ஒலியை யானை நீர் குடிக்கும் ஒலி என எண்ணி அம்பை விட்டான். அம்பு தவறவில்லை, அறிவு தவறியது. பார்வையற்ற பெற்றோருக்கு நீர் கொண்டுசெல்ல வந்த மகன் மாண்டான். குறிக்கு அப்பால் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார் என்று அறியாமல் விடும் அம்பு எவ்வளவு நேராகச் சென்றாலும் பாவமே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் காவிரிப் படுகைக்கு இதில் தனிப் பொருள் உண்டு. நார்த்தாமலையில் குன்றுகளாவது இருக்கின்றன. நாகையில் குன்று ஏது? கண்ணுக்கு எட்டிய வரை சமவெளி. வயலில் நாற்று நடும் பெண்கள், வரப்பில் ஆடு மேய்க்கும் சிறுவர், தை மாதத்தில் சம்பா அறுவடைக்கு இறங்கும் ஆட்கள் என எந்தப் பக்கம் திரும்பினாலும் மனிதர்கள். இயற்கை நமக்குத் தடுப்புச் சுவர் தரவில்லை. ஆகவே நாமே எழுப்ப வேண்டும். மண்மேடும் சுவரும் ஒரு தடுப்பு. சுடுபவரின் ஒழுக்கம் இரண்டாம் தடுப்பு. மூன்றாவது ஒன்று உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

மூன்றாம் தடுப்பு, தவறைக் கண்டவர் வாய் திறப்பது. 'ஒற்றுமையும் ஒழுக்கமும்' என்பது தேசிய மாணவர் படையின் முழக்கம். ஒழுக்கம் என்பதற்கு நாம் வழக்கமாகக் கொள்ளும் பொருள் கீழ்ப்படிதல். மூத்தவர் சொன்னால் கேள், எதிர்த்துப் பேசாதே, வீட்டிலும் வகுப்பிலும் திடலிலும் இதையே கற்கிறோம். முதலாண்டு மாணவன் மூன்றாம் ஆண்டு அண்ணனைப் பார்த்து, "அண்ணா, துப்பாக்கி முனை என் பக்கம் திரும்பியிருக்கிறது" என்று சொல்லத் தயங்குகிறான். மரியாதைக் குறைவாகுமோ என்று அஞ்சுகிறான். இந்தத் தயக்கம் வேறு இடத்தில் பண்பாக இருக்கலாம். சுடுதளத்தில் அது பேராபத்து.

ஆளாளுக்குக் கட்டளையிட்டால் ஒழுங்கு குலையாதா என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. உலகின் பல சுடுதளங்களில் இதற்கு விடையாக ஒரு வழக்கம் உண்டு. சுடத் தொடங்கும் கட்டளையை ஒருவரே தரலாம். நிறுத்தும் குரலை யாரும் எழுப்பலாம். 'நில்' என்று எவர் குரல் கேட்டாலும் விரல் விசையை விட்டு விலக வேண்டும். துப்பாக்கி இலக்கை நோக்கியபடியே அசையாமல் இருக்க வேண்டும். காரணத்தைப் பிறகு கேட்கலாம். வீணாக நிறுத்தினால் ஒரு நிமிடம் போகும். நிறுத்தாமல் விட்டால் எது போகும் என்பதை நார்த்தாமலை சொல்லும்.

பன்னாட்டுப் போட்டிகளின் விதி ஒன்றும் இங்கே எண்ணத்தக்கது. சுடாத நேரத்தில் துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பாதுகாப்புக் கொடியைச் செருகி வைக்க வேண்டும். துப்பாக்கி காலி என்பது அதை வைத்திருப்பவருக்குத் தெரிந்தால் போதாது. பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்பதே அதன் கருத்து. "என்னை நம்பு" என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. "நீயே பார்" என்பதற்கே இடம்.

நம் கல்லூரி அளவில் செய்யக் கூடியவை எளியவை. முகாமுக்குப் போகும் முன் ஒரு மாலை வகுப்பு நடத்தலாம். கட்டளைச் சொற்கள் எம்மொழியில் இருப்பினும், அவற்றின் பொருளைத் தமிழில் விளக்கி, ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்ல வைக்கலாம். எல்லாத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே கருது. சுடக் கூடாததை நோக்கிக் குழல்முனையைக் காட்டாதே. சுடும் நொடி வரை விசையில் விரல் வைக்காதே. இலக்கையும் அதற்கு அப்பால் உள்ளதையும் அறிந்த பின்னரே சுடு. இந்நான்கும் மனப்பாடமாக வேண்டும். அவற்றோடு 'நில்' என்று உரக்கச் சொல்லிப் பழகுவதும் பயிற்சியில் சேர வேண்டும். மென்குரல் தங்கைகளும் அதைச் சொல்லிப் பழகட்டும்.

உடல்நலத்துக்கும் ஓரிரு சொல். பாயிண்ட் டூ டூ ரைபிளின் ஓசையே சுமார் 140 டெசிபெல். காதில் அடைப்பு இல்லாமல் சுடுபவரும் அருகில் நிற்பவரும் செவித்திறனை இழக்க நேரிடும். குண்டில் ஈயம் இருக்கிறது. அதன் துகள் கையில் ஒட்டும். பயிற்சி முடிந்ததும் தரப்படும் பூரி, பரோட்டாவின் மணம் எவ்வளவு அழைத்தாலும், சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகே பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும்.

நமக்கு அருகே திருவாரூரில் மனுநீதிச் சோழன் கதையைக் கல்லில் வடித்து வைத்திருக்கிறார்கள். தேரில் சென்ற இளவரசன் கன்றைக் கொல்ல நினைக்கவில்லை. ஆயினும் 'அறியாமல் நடந்தது' என்பதை அம்மன்னன் விடையாக ஏற்கவில்லை. அந்த மண்ணின் மக்கள் நாம். அன்று அந்தத் தேரின் பக்கத்தில் சென்றவர்களில் ஒருவர், இளவரசன் என்றும் பாராமல், 'நில்' என்று கூவியிருந்தால் கன்றும் பிழைத்திருக்கும், மகனும் பிழைத்திருப்பான். அடுத்த முகாமில் நம் வரிசையில் படுக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு அந்தக் குரலைக் கொடுத்து அனுப்புவோம். மூத்தவர்களாகிய நாம், அக்குரல் நம்மை நோக்கி எழும்போது சினவாமல் நின்று காட்டுவோம்.