இடி எனக்கு, விளக்கம் சாருக்கு

“மேடம், சாரை ஒருதடவை வரச்சொல்லுங்க. அவர்கிட்ட விவரமாச் சொல்லிடுறேன்.”

பழனியில் ஒரு பட்டறையில் எனக்குக் கிடைத்த பதில் இது. கார் என்னுடையது. பழைய ஆல்டோ. ஆர்.சி. புத்தகம் என் பெயரில் இருக்கிறது, தவணை என் சம்பளத்தில் போனது. தினமும் ஒட்டன்சத்திரம் சாலையில் அதை ஓட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போகிறவள் நான். ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் ‘தடக்’கென்று இடித்து, அந்த இடி என் இடுப்பில்தான் இறங்குகிறது. பட்டறைக்காரர் கேட்ட சாருக்கு, அதாவது என் கணவருக்கு, கார் ஓட்டத் தெரியாது.

“சஸ்பென்ஷன் மொத்தமும் போச்சு, நாலையும் மாத்தணும்” என்று ஒரு தொகையைச் சொன்னார். அது சரியா என்று கேட்க என்னிடம் ஒரு கேள்விகூட இல்லை. வாய் மூடித் திரும்பினேன். அந்த மௌனத்துக்கு அவரை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது.

புறநானூற்றின் 102ஆம் பாடலை எத்தனையோ வருடங்களாக வகுப்பில் நடத்துகிறேன். ஔவையார் பாடியது. உப்பு வணிகர்கள் மேட்டிலும் பள்ளத்திலும் போகிற தங்கள் வண்டிக்கு அடியில் ஒரு மாற்று அச்சைக் கட்டி எடுத்துப் போவதை அது சொல்கிறது. சேம அச்சு என்பது அதன் பெயர். வண்டியின் அடியில் என்ன இருக்கிறது, வழியில் எது முறியும் என்று ஒரு பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. அதை உவமை என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, என் வண்டிக்கு அடியில் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்காமல் இருந்தவள் நான்.

குனிய வைத்தவள் என் மாணவி. அவள் அப்பாவுக்குச் சொந்தப் பட்டறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பில் எழுதப் போவாள். எழுத மட்டும்தான். கல்லூரி வளாகத்தில் என் காரின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திவிட்டுக் கையை எடுத்தாள். முன்பக்கம் ஒருமுறை எழும்பி நின்றது. பின்பக்கம் ஆடிக்கொண்டே இருந்தது. “மேம், பின்னாடி ரெண்டும் எண்ணெய் கக்கியிருக்கு பாருங்க. முன்னாடி நல்லாத்தான் இருக்கு” என்றாள். சுருள்வில் வண்டியின் எடையைத் தாங்குகிறது. அது எழும்பி எழும்பி ஆடாமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெய், அதில் சின்னத் துளைகள் வழியாக நகரும் ஒரு பிஸ்டன், அவ்வளவுதான். எண்ணெய் கசிந்துபோனால் அடக்க ஆளில்லை. இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. சார் வரத் தேவைப்படவில்லை.

திண்டுக்கல்லில் ஓர் உதிரிப்பாகக் கடையில் ஒரு ஜோடி வாங்கினோம். கார் கம்பெனிப் பெட்டியில் வருவதல்ல, ஷாக் அப்சார்பர் தயாரிக்கும் கம்பெனி தன் பெயரிலேயே விற்பது. ஒரு பக்கம் மட்டும் மாற்றக்கூடாது, ஒரே அச்சில் இருக்கும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதும் அவள் சொன்னதுதான்.

ஞாயிறு காலை என் வீட்டு வாசலில் வேலை. பின்சக்கரங்களைத் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக்கை நம்ப முடியாது, அது பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. அதனால் முன்சக்கரங்களுக்கு முதலில் அடைகட்டை வைத்தோம். ஜாக்கியில் தூக்கி, இரண்டு ஸ்டாண்டுகளில் காரை உட்கார வைத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பியோ கல்லை முட்டுக்கொடுத்தோ வண்டிக்கு அடியில் கை, தலை நீட்டாதீர்கள். ஷாக் அப்சார்பரைக் கழற்றியதும் அச்சு கீழே தொங்கி பிரேக் குழாயை இழுத்துவிடும் என்பதால் அதற்கும் ஜாக்கியால் ஒரு தாங்கல் கொடுத்தோம். மேலே ஒரு பிடிமானம், கீழே ஒன்று. துருவுக்கு எண்ணெய் அடித்துவிட்டுக் காத்திருந்தோம்.

அப்போது எதிர்வீட்டுக்காரர் வந்தார். நல்ல மனிதர். “டீச்சர், தள்ளுங்க, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை” என்று சொல்லும்போதே ஸ்பேனர் என் கையிலிருந்து அவர் கைக்குப் போயிருந்தது. நானும் விட்டுக்கொடுத்து எழுந்து நின்றுவிட்டேன். என் உடம்புக்கு அது அவ்வளவு பழக்கம். மாணவிதான் சொன்னாள்: “அங்கிள், மேம் கழட்டட்டும். நீங்க இந்த டார்ச்சைப் பிடிங்க.”

அவர் பிடித்தார். நன்றாகவே பிடித்தார்.

தோழிகளே, இந்தக் கட்டுரை அந்த ஸ்பேனரைப் பற்றியது. உதவியில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெளிச்சம் காட்டும். மற்றொன்று கருவியைப் பிடுங்கிக்கொள்ளும். இரண்டாவதுக்கு அன்பு, அக்கறை, மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம். அடுத்த முறையும் நாம் அவர்களைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும் என்பதே அதன் விளைவு.

‘தனியாகச் செய்ய முடிந்தால் செய், இல்லாவிட்டால் விலகு’ என்பது பெண்களுக்கு மட்டும் வைக்கப்படும் தேர்வு. எந்த மெக்கானிக் தனியாகக் கற்றார்? ஒவ்வொருவருக்கும் ஒரு ‘பட்டறைப் பையன்’ காலம் உண்டு. டிரேயில் நட்டு பொறுக்கி, பன்னிரண்டாம் நம்பர் கேட்டால் பத்தை நீட்டி, திட்டு வாங்கிக் கற்றவர்கள். அந்தப் பிள்ளைகள் வறுமையால் அங்கே வந்தார்கள் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் பட்டறைப் பையன் என்ற சொல் இருக்கும் மொழியில் பட்டறைப் பெண் என்ற சொல் இல்லை.

1888இல் பெர்த்தா பென்ஸ் ஜெர்மனியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கணவரிடம் சொல்லாமல் காரை ஓட்டிப் போனார். தொப்பி ஊசியால் எரிபொருள் குழாய் அடைப்பை எடுத்ததைத்தான் எல்லோரும் ரசித்துச் சொல்கிறார்கள். வழியில் செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தி பிரேக் கட்டைக்குத் தோல் அடித்து வாங்கியதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். அவரும் உதவி கேட்டார். எங்கே, எதை அடிப்பது என்ற முடிவு அவருடையது.

வண்டி எப்போதும் அதிகாரத்தின் விஷயம். 1893இல் அய்யங்காளி தடையை மீறித் திருவிதாங்கூர்ப் பொதுச்சாலையில் ஏறிப்போனது வில்வண்டியில். ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கு அந்தச் சாலையே மறுக்கப்பட்டிருந்தது. நூறு ஆண்டு கழித்து, 1993இல், குமரி மாவட்டத்து வசந்தகுமாரி அரசுப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். ஏறும் உரிமையும் ஓட்டும் உரிமையும் போராடி வந்தவை. வண்டியின் அடிப்பக்கம் மட்டும் இன்னும் ஆண்களிடம் இருக்கிறது.

“சமையல், துணி, பிள்ளை, வேலை போதாதென்று இதுவுமா?” என்று ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி. எல்லாப் பெண்களும் நட்டு முடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முன்பக்க ஷாக் அப்சார்பர் கெட்டால் நானே பட்டறைக்குத்தான் போவேன். அங்கே சுருள்வில் அதனோடு சேர்ந்து இறுகி இருக்கிறது, உரிய கருவி இல்லாமல் பிரித்தால் தெறித்து ஆளையே கொல்லும். எதை வீட்டில் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று தெரிந்து போவேன். தெரியாமல் போகிறவளிடம் சாரைக் கேட்பார்கள். தெரிந்து போகிறவளிடம் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பழையதைக் கையால் அழுத்தினோம், எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனது. புதியதன் பட்டையை வெட்டியதும் அது தானாக மெல்ல நீண்டது. மாட்டினோம். காரை இறக்கி, எடை சக்கரத்தில் விழுந்த பிறகுதான் கடைசி முடுக்கு, இல்லாவிட்டால் ரப்பர் புஷ் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழியும். ஓரிடத்தில் அவள் ஸ்பேனரை வாங்கி முடுக்கினாள். அப்பாவின் பட்டறையில் பல வருடம் பார்த்தவள் ஒரு நட்டை முடுக்கியது அன்றுதான் முதல்முறையாம்.

மறுநாள் அவள் அப்பா வந்து பார்த்தார். ஒரு நட்டுக்கு மட்டும் இன்னும் கால் சுற்று கொடுத்தார். புதிதாகச் சேர்ந்த யாருடைய வேலையையும் அப்படித்தான் சரிபார்ப்பார். அதுதான் நான் கேட்கும் உதவி. “சரியாத்தான் செஞ்சிருக்கீங்க” என்று என்னிடம் சொன்னார். மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நம் பெண்கள் கல்லூரிகளில் கேக் செய்யவும் மணப்பெண் அலங்காரத்துக்கும் சான்றிதழ் வகுப்பு நடத்துகிறோம். ஒரு ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, ஒரு சாக்கெட் செட் வாங்கிப்போட்டு ஒரு வகுப்பு தொடங்க எங்கள் துறைக்கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். சிரித்தார்கள். மறுபடி கேட்பேன்.

அடுத்த ஞாயிறும் அவள் பட்டறைக்குப் போனாள். பில் எழுதத்தான்.