நிறம் கேட்டார்கள், தண்ணீரைக் கேட்கவில்லை

பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்கப் போனபோது கடைப் பையன் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டான். வெள்ளையா, சில்வரா? மாதத் தவணையா, மொத்தமாகவா? வாரண்டியை நீட்டிக்கணுமா? உங்கள் வீட்டுக் குழாயில் என்ன தண்ணீர் வருகிறது என்று கேட்கவில்லை. வீட்டில் வந்து பொருத்தியவரும் கேட்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் ஒரு பொறியியல் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். முதலாண்டுப் பிள்ளைகள் தண்ணீரின் கடினத்தன்மையை அளப்பது என் மேசையில்தான். பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும்போது, ஒயின் சிவப்பாக இருக்கும் கரைசல் சட்டென்று நீலமாகும். அந்த நேரம் பார்த்து வேடிக்கை பார்த்துக் கோட்டைவிட்டவர்கள் எத்தனை பேர் என்னிடம் திட்டு வாங்கியிருப்பார்கள்!

அது 2020. ஊரடங்கில் வேலைக்கு வரும் அக்கா வர முடியாமல் போக, மடிப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் மட்டும் மூன்று வீடுகளுக்கு இந்த இயந்திரம் வந்து இறங்கியது. இன்று அதில் ஒன்றில் அரிசி டப்பாக்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். இன்னொன்று கிடைத்த விலைக்குப் போய்விட்டது. ஓடிக்கொண்டிருப்பது என்னுடையது மட்டும். அதுவும் பாதி வழியில் சாகக் கிடந்து பிழைத்தது.

இரண்டு மாதம் எல்லாம் பளபளவென்று வந்தன. பிறகு கண்ணாடி டம்ளர்களில் விபூதி பூசியது போல ஒரு வெண்மை. எவர்சில்வர் தட்டுகளில் திட்டுத் திட்டாகக் கறை. பழுதுபார்க்க வந்த முதல் ஆள், "சோப்பை மாத்துங்க மேடம்" என்று ஒரு டப்பாவை விற்றுவிட்டுப் போனார். இரண்டாவது ஆள் மோட்டார் பலவீனம் என்றார். மூன்றாவதாக வந்தவர் கொஞ்சம் வயதானவர். எதையும் கழற்றவில்லை. கை கழுவும் குழாயைத் திறந்து விரலை நனைத்துப் பார்த்துவிட்டு, "போர் தண்ணியாம்மா, மெட்ரோவா?" என்று கேட்டார். நாலு மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் மனிதர்.

போர், மெட்ரோ, கோடையில் லாரி, மூன்றும் ஒரே தொட்டியில் கலந்துதான் எங்களுக்கு வருகிறது. அடுத்த வாரமே ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு பழைய ஆய்வகத்துக்குப் போனேன். கடினத்தன்மை லிட்டருக்கு 620 மில்லிகிராம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு 200. வேறு வழியே இல்லையென்றால் 600 வரை. இயந்திரத்தின் கையேடோ ஜெர்மன் டிகிரியில் பேசுகிறது. ஒரு டிகிரி என்பது சுமார் 17.8 மில்லிகிராம். வகுத்துப் பார்த்தால் எங்கள் தண்ணீர் 35 டிகிரி. என் இயந்திரத்தில் கடினத்தன்மைக்கு 0 முதல் 7 வரை எண்கள் உண்டு. தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய 4 அப்படியே இருந்தது. அது 16 டிகிரி வரைக்குமான எண். எங்களுக்கு வைத்திருக்க வேண்டியது 7.

அந்த எண் என்ன செய்கிறது என்று யாராவது ஒரு நிமிஷம் சொல்லியிருந்தால் போதும். இயந்திரத்தின் வயிற்றுக்கடியில் சிறு பிசின் மணிகள் நிறைந்த ஓர் அறை இருக்கிறது. தண்ணீரில் வரும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அவை பிடித்து வைத்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தை விடும். பிடித்துப் பிடித்து மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசலால் அலசிப் புதுப்பிக்க வேண்டும். எத்தனை முறைக்கு ஒருதரம் அலசுவது என்பதைத்தான் நாம் வைக்கும் எண் சொல்கிறது. குறைத்து வைத்தால் கடினத் தண்ணீர் அப்படியே உள்ளே போய், வெந்நீர் அண்டாவின் அடியில் பொருக்குக் கட்டுகிற மாதிரி பாத்திரத்திலும் ஹீட்டரிலும் கட்டும்.

உப்பிலும் நான் தப்பு செய்திருந்தேன். ஊரடங்கில் இதற்கென்று விற்கிற உப்பு கிடைக்கவில்லை. உப்பு உப்புதானே என்று சமையல் பொடியுப்பைக் கொட்டினேன். கட்டி பிடிக்காமலிருக்க அதில் சேர்க்கிற பொருளும் அந்தப் பொடித்தனமும் அறையை அடைத்துவிடும். கல்லுப்பு போடலாமே என்று பலர் கேட்கிறார்கள். கடலில் விளைந்த கல்லுப்பில் மக்னீசியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மழைக்காலத்தில் ஜாடியில் கசிவது அதனால்தான். துரத்த வேண்டியவனையே வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பானேன்?

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ஆர்.ஓ. விற்க வருகிறவர் பேனா போல ஒன்றைத் தண்ணீரில் நனைத்து டி.டி.எஸ். எண் காட்டுவார். அது கடினத்தன்மை அல்ல. கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்லும் தோராயமான கணக்கு. கடினத்தன்மையை வீட்டிலேயே பார்க்க, மீன் தொட்டிக் கடைகளில் சொட்டு எண்ணும் சிறு பெட்டி விற்கிறார்கள். எங்கள் ஆய்வகத்தில் நடந்த அதே வேலைதான், நிறம் மாறும் வரை சொட்டுகளை எண்ண வேண்டும்.

எண்ணை மாற்றி, சரியான உப்பை நிரப்பி, லெமன் சால்ட் நாலு கரண்டி போட்டுச் சூடான சுற்றில் இயந்திரத்தைக் காலியாக ஓட்டியபோது விபூதி போயிற்று. இரண்டு டம்ளர்களில் மட்டும் போகவில்லை. லெமன் சால்ட்டுக்குக் கரைந்தால் அது படிவு. கரையாவிட்டால் கண்ணாடியே அரித்துப் போயிருக்கிறது என்று பொருள், எதைப் போட்டாலும் மீளாது.

ஹிண்டாலியம் வாணலி கறுத்ததை முதலில் கண்டுபிடித்தது நானல்ல, திரும்பி வந்த அக்கா. "என்னம்மா, மிஷினு சட்டியைக் கரியாக்கிடுச்சு?" காரம் மிகுந்த சோப்பு அலுமினியத்தைப் பிடிக்கும் என்று வருஷா வருஷம் பாடம் நடத்தியவள் திருதிருவென்று விழித்தேன். அன்றிலிருந்து வாணலி, இரும்புத் தோசைக்கல், பித்தளை, ஈயச் சொம்பு, மரக்கரண்டி எல்லாம் தொட்டியோடு சரி.

இனி வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை சமாச்சாரம். அடியிலிருக்கும் வடிகட்டியைத் திருகி எடுத்தால் நம் சமையலின் சரித்திரமே அதில் கிடக்கும்: கடுகு, மிளகாய் விதை, கறிவேப்பிலை நரம்பு, புளிச் சக்கை. பழைய பல் துலக்கியால் தேய்த்தால் ஐந்து நிமிஷம். இதைச் செய்யாமல் நாற்றம் வருகிறது என்று வாசனைத் திரவம் வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். தண்ணீர் தெளிக்கும் கைகளின் துளைகளில் அடைப்பு இருந்தால் மேல் தட்டு டம்ளர்கள் கழுவாமலே வெளியே வரும். ஈர்க்குச்சி போதும், உள்ளே முறிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கதவின் கீழ் விளிம்பில் தண்ணீரே படாது, அங்கே எண்ணெய்ப் பிசுக்கு சேரும். துணியால் துடைத்துவிட வேண்டியதுதான். தட்டுகளைக் குழாயில் அலசி அடுக்குவது வீண் வேலை, எச்சிலை வழித்துப் போட்டால் போதும். ஒரு நள்ளிரவில் தண்ணீர் வெளியேறாமல் நின்றுவிட்டது. பிளக்கைப் பிடுங்கி, டம்ளரால் மொண்டு, பஞ்சால் ஒற்றி, பம்பு மூடியைக் கழற்றினால் சுழலும் இதழுக்கிடையில் ஒரு புளியங்கொட்டை. எடுத்துப் போட்டதும் ஓடியது.

எல்லாம் நம் கையில் இல்லை. இயந்திரத்தின் அடியிலுள்ள தட்டில் தண்ணீர் கசிந்தால் தெர்மோகோல் மிதவை மேலெழும்பி இயந்திரத்தை நிறுத்தி, பம்பை மட்டும் ஓடவிடும். ஓயாமல் உர்ரென்று சத்தம் வரும். அது பழுதல்ல, எச்சரிக்கை. கசிவு எங்கே என்று ஆள் வந்து பார்த்தே ஆக வேண்டும். எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில் எலி குழாயைக் கடித்திருந்தது.

அரிசி டப்பா வீட்டின் கதை வேறு. அவர்கள் மேல்மாடி. இத்தகைய இயந்திரங்கள் பலவற்றுக்குக் குறைந்தது 0.5 பார் அழுத்தம் வேண்டும், அதாவது தொட்டி ஐந்து மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். அவர்கள் சமையலறைக்கும் மொட்டைமாடித் தொட்டிக்கும் மூன்று மீட்டர்கூட இல்லை. ஒரு சிறிய பிரஷர் பம்பு வைத்தால் தீர்ந்துபோகும். வால்வு மாற்றினார்கள், மின்சுற்றுப் பலகை மாற்றினார்கள், கடைசியில் வெறுத்துவிட்டார்கள். "எந்த மாடி சார்?" என்று கடையில் கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

நான் சட்டம் எதுவும் கேட்கவில்லை. பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறவர், பில்லோடு சில ரூபாய் பெறும் ஒரு சோதனைத் தாளைக் கொடுக்கட்டும். பொருத்த வருகிறவர் வாடிக்கையாளர் கண்முன்னே தண்ணீரைச் சோதித்து, எண்ணை வைத்து, கதவின் உட்புறம் எழுதி ஒட்டட்டும். உப்பு, வடிகட்டி, அழுத்தம் பற்றித் தமிழில் ஒரே ஒரு பக்கம் அச்சடிக்கட்டும். அதில் ஸ்பெகட்டி படம் வேண்டாம், புளியங்கொட்டை படம் போடட்டும். குடியிருப்போர் சங்கங்கள் பொங்கல் கோலப் போட்டிக்குச் செலவிடுவதில் ஒரு துளியைத் தண்ணீர்ச் சோதனைக்கும் ஒதுக்கலாம். கோடையில் ஒன்று, மழை விட்டதும் ஒன்று, ஏனென்றால் அந்த எண் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பணக்காரர் சாமானுக்கு இத்தனை கவலையா என்று கேட்பவர்களுக்கு, கீஸர், துணி துவைக்கும் இயந்திரம் இரண்டும் சாவது இதே தண்ணீரால்தான்.

போன வாரம் கீழ் வீட்டுத் தம்பி வந்தார். "எந்த கம்பெனி வாங்கலாம் ஆன்ட்டி?" என்றார். முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீர் ஒரு டம்ளர் கொண்டு வாங்க என்றேன். பத்து நிமிஷத்தில் கொண்டுவந்தார். சொட்டுப் பெட்டியை எடுத்து முதல் சொட்டை விட்டதுமே நீலம்.

"எந்தக் குழாய்ல பிடிச்சீங்க?"

"ஆர்.ஓ.லதான் ஆன்ட்டி. உங்களுக்குக் குடுக்கிறதாச்சே, நல்ல தண்ணியா இருக்கட்டும்னு."

டம்ளரைக் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன்.