நல்லவர்களாகக் காட்டினால் மட்டும் போதுமா?

1940 பிப்ரவரி 29 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் அம்பாசடர் ஓட்டலில் நடந்த ஆஸ்கர் விழாவில், ‘கான் வித் தி விண்ட்’ படத்துக்காகச் சிறந்த துணை நடிகை விருதைப் பெற்றார் ஹாட்டி மெக்டேனியல். ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர். கறுப்பர்களை அனுமதிக்காத அந்த ஓட்டலுக்குள் அவர் நுழைவதற்கே தயாரிப்பாளர் தனியாகச் சொல்லி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. உள்ளே போனபிறகும் சக நடிகர்களோடு உட்கார முடியவில்லை. ஒதுக்குப்புறமாகப் போட்ட ஒரு சிறிய மேசையில்தான் இடம். இந்த அவமதிப்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்த வேடத்தைப் பற்றிப் பேசியது குறைவு. எஜமானியின் குடும்பத்துக்காகவே மூச்சுவிடும் அடிமைப் பணிப்பெண் அவர். சொந்தக் குடும்பம் கிடையாது, சொந்தக் கவலை கிடையாது. ஆயாவைக் கூப்பிடும் பொதுப்பெயர் ஒன்றைத் தவிர, கதையில் அவருக்குப் பெயர்கூட இல்லை. மெக்டேனியல் வாழ்நாளெல்லாம் ஏற்ற வேடங்களில் பெரும்பாலானவை பணிப்பெண்கள்தான். இன்னொரு கறுப்பினப் பெண் நடிப்புக்காக ஆஸ்கர் பெற 51 ஆண்டுகள் ஆயின. 1991இல் ‘கோஸ்ட்’ படத்துக்காக வூப்பி கோல்ட்பர்க் பெற்ற அந்த விருதும், பிரிந்துபோன வெள்ளைக் காதலர் இருவருக்கு இடையில் சேதி சொல்லும் ஒரு குறிசொல்லியின் வேடத்துக்குக் கிடைத்ததுதான்.

ஹாலிவுட் கறுப்பர்களை இழிவாகக் காட்டியது என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. டி.டபிள்யூ. கிரிஃபித்தின் ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ (1915) படத்தில் வெள்ளை நடிகர்கள் முகத்தில் கறுப்பு பூசிக்கொண்டு, வெள்ளைப் பெண்களைத் துரத்தும் வெறியர்களாக நடித்தார்கள். கூ கிளக்ஸ் கிளான் என்ற கொலைக் கும்பல் அந்தப் படத்தில் நாட்டை மீட்கும் வீரப்படை. கலைந்து கிடந்த அந்தக் கும்பல் அதே ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தில் மறுபடி உயிர்பெற்றது. இதற்கெல்லாம் மாற்றாகப் பலரும் கேட்பது நல்ல சித்திரிப்பு: திருடனாகக் காட்டியவரை டாக்டராகக் காட்டுங்கள், வேலைக்காரியை வக்கீலாக்குங்கள் என்பது. நியாயமான கோபத்திலிருந்து பிறந்த கோரிக்கைதான். ஆனால் அது பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. ஒரு மக்கள் கூட்டத்தை ஒரே சாயலில் காட்டிக்கொண்டிருந்தால், அந்தச் சாயல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அவர்கள் குறுகித்தான் போகிறார்கள். கஞ்சர், கோழை, கணித மேதை, மனைவியிடம் பொய் சொல்லி மாட்டிக்கொள்பவர், வாடகைக்கு அல்லாடுபவர், வசதியில் புழுங்குபவர் என்று வெள்ளையர்களுக்குத் திரையில் இடம் இருக்கிறது. இவ்வளவு இடமும் கறுப்பர்களுக்கும் வேண்டும்.

நல்ல சாயலும் கூண்டாகிவிடும் என்பதற்கு சிட்னி பாய்ட்டியரைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ‘லிலீஸ் ஆஃப் தி ஃபீல்ட்’ படத்துக்காக 1964இல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கரைப் பெற்ற முதல் கறுப்பர் அவர். 1967இல் மட்டும் ‘டு சர், வித் லவ்’, ‘இன் தி ஹீட் ஆஃப் தி நைட்’, ‘கெஸ் ஹூ இஸ் கமிங் டு டின்னர்’ என மூன்று வெற்றிகள். மூன்றாவது படத்தில் அவர் ஒரு வெள்ளைப் பெண்ணை மணக்க விரும்பும் மருத்துவர். உலகம் மெச்சும் ஆராய்ச்சியாளர், அப்பழுக்கற்ற கண்ணியவான், பெண்ணின் பெற்றோர் முழுமனதோடு சம்மதிக்காவிட்டால் விலகிக்கொள்ளவும் தயாராக இருப்பவர். நிறத்தைத் தவிர அவரிடம் குறைசொல்ல ஒன்றுமே இருக்கக் கூடாது என்று திட்டமிட்டே இயக்குநர் ஸ்டான்லி கிராமர் அந்தப் பாத்திரத்தை அமைத்தார். காதலர்களின் முத்தம்கூட டாக்ஸி ஓட்டுநரின் கண்ணாடியில்தான் தெரிகிறது. கலப்பு மணத்தைத் தடுத்த மாநிலச் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஜூனில்தான் தீர்ப்பளித்திருந்தது. அந்தக் காலத்தில் அந்தப் படம் துணிச்சலானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் கதை சொல்லாமல் சொல்வது என்ன? வெள்ளைக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கறுப்பர் உட்கார வேண்டுமென்றால் அவர் உலகப் புகழ்பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். சாதாரண மனிதராக இருந்தால் போதாது. கோபப்படவோ, ஆசைப்படவோ, தவறு செய்யவோ உரிமையில்லாத இந்தப் பாத்திரங்கள் பற்றிக் கறுப்பின விமர்சகர்களே அப்போது கடுமையாகக் கேட்டார்கள். பாய்ட்டியரின் நடிப்பு அதற்குப் பொறுப்பல்ல. ஒரு முழுச் சமூகத்தின் மானத்தையும் ஒற்றை நடிகரின் தோளில் ஏற்றிய ஏற்பாடுதான் பொறுப்பு.

அடுத்து வந்தது அதன் எதிர்முனை. 1971இல் கார்டன் பார்க்ஸின் ‘ஷாஃப்ட்’ பணமுடையில் இருந்த எம்.ஜி.எம். நிறுவனத்துக்கு நல்ல வசூலைக் கொடுத்தது. உடனே சில ஆண்டுகளுக்குத் துப்பறிவாளர்கள், போதை வியாபாரிகள், துப்பாக்கி ஏந்திய நாயகிகள் என்று ஒரே வார்ப்பில் படங்கள் குவிந்தன. 1991இல் ஜான் சிங்கிள்டனின் ‘பாய்ஸ் இன் தி ஹூட்’ வந்தபோதும் இதுவே நடந்தது. தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸில் மூன்று சிறுவர்கள் வளர்வதைப் பரிவோடு சொன்ன அருமையான படம் அது. தயாரிப்பாளர்கள் அந்தப் பரிவை விட்டுவிட்டுத் துப்பாக்கிச் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு படம் ஓடியதும் நகலெடுப்பது எல்லா ஊர் சினிமாவிலும் உண்டு. வெள்ளையர்களைப் பற்றிய குற்றப் படங்களும் நகலெடுக்கப்படுகின்றன. ஆனால் அவற்றுக்குப் பக்கத்திலேயே நூறு வேறு படங்கள் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே பக்கத்தில் எதுவும் இல்லை.

விருதுகளும் இதே தடத்தில் போயிருக்கின்றன. 1989இன் சிறந்த படமாக ஆஸ்கர் தேர்ந்தெடுத்தது, வெள்ளை மூதாட்டிக்கு விசுவாசமான கறுப்பின ஓட்டுநரின் கதையான ‘டிரைவிங் மிஸ் டெய்ஸி’யை. புரூக்ளினின் ஒரு வெயில் நாளில் இனப்பகை வெடிப்பதைக் காட்டிய ஸ்பைக் லீயின் ‘டூ தி ரைட் திங்’ அதே ஆண்டு வந்தது. சிறந்த படத்துக்கான பரிந்துரைப் பட்டியலில்கூட அது இல்லை. டென்சல் வாஷிங்டன் ‘மால்கம் எக்ஸ்’ படத்துக்காக வெல்லவில்லை, ‘டிரெயினிங் டே’யில் ஊழல் போலீஸாக வந்ததற்கு வென்றார். ‘தி ஹெல்ப்’ படத்துக்காக ஆக்டேவியா ஸ்பென்சர் 2012இல் வென்றபோது வேடம் மறுபடி பணிப்பெண். இவர்கள் எல்லாரும் அந்த விருதுகளுக்குத் தகுதியானவர்கள்தான். அந்தத் திறமைக்கு எந்தக் கதவைத் திறந்து வைத்தோம் என்பதுதான் பிரச்சினை. கார்ட் ஜெஃபர்சனின் ‘அமெரிக்கன் ஃபிக்‌ஷன்’ (2023) இதையே கதையாக்கியது. தன் இலக்கிய நாவல்கள் விலைபோகாத ஒரு கறுப்பின எழுத்தாளர், வெறுப்பில் வேண்டுமென்றே சேரியும் துப்பாக்கியுமாக ஒரு புத்தகம் எழுத, அதைப் பதிப்பகங்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகின்றன.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். அடிமைமுறையும் நிறவெறியும் நிஜம். அவற்றைச் சொல்லும் படங்களைக் குறைசொல்வது வரலாற்றை மூடி மறைப்பதாகாதா? வலுவான கேள்வி. ‘12 இயர்ஸ் எ ஸ்லேவ்’ (2013) கட்டாயம் எடுக்கப்பட்டிருக்க வேண்டிய படம். தோட்டப் பண்ணைகளைச் சொர்க்கமாகக் காட்டிய ‘கான் வித் தி விண்ட்’டுக்கு அது 74 ஆண்டுகள் தாமதமாக வந்த பதில். இன்னும் சொல்லப்படாத கொடுமைகள் ஏராளம். ஆனால் வலியை மட்டும் பார்க்கும் பார்வையாளர், வலிக்கிற மனிதரை மறந்துவிடுகிறார். சாட்டையடிக்கு முந்தைய நாளும் அவருக்கு ஒரு வாழ்க்கை இருந்தது.

சார்லஸ் பர்னெட்டின் ‘கில்லர் ஆஃப் ஷீப்’ அப்படிப்பட்ட வாழ்க்கையைப் பார்த்த படம். கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, பத்தாயிரம் டாலருக்கும் குறைவான செலவில் அவர் அதை எடுத்தார். லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் ஆட்டிறைச்சிக் கூடத்தில் வேலைபார்க்கும் ஸ்டான் என்ற மனிதர். தூக்கம் வராத சோர்வு. பாட்டுக்கு மெல்ல ஆடியபடி கணவனின் கவனத்துக்காக ஏங்கும் மனைவி. ஸ்டானும் நண்பரும் பழைய கார் எஞ்சின் ஒன்றை மாடியிலிருந்து மூச்சுமுட்டத் தூக்கிவந்து வண்டியில் வைக்கிறார்கள். வண்டி நகர்ந்ததும் எஞ்சின் விழுந்து உடைகிறது. துப்பாக்கிச் சண்டை, நீதிமன்றக் காட்சி, வெள்ளை வில்லன் எதுவும் இல்லை. வறுமை எப்படி மனிதரை அரிக்கிறது என்பதை எந்தப் பிரகடனப் படத்தையும்விட ஆழமாக அது சொல்கிறது, சிரிக்கவும் வைக்கிறது. 1990இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அதைச் சேர்த்தார்கள். திரையரங்கில் முறையாக வெளியானது 2007இல்தான். பாடல்களுக்கான உரிமைத்தொகை கட்டமுடியாமல் அத்தனை ஆண்டுகள் முடங்கியிருந்தது.

பன்மை என்பது கதையோடு முடிவதில்லை, ஒளியிலும் இருக்கிறது. வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்க ஆய்வகங்கள் பயன்படுத்திய கோடாக் மாதிரி அட்டைகளில் பல பத்தாண்டுகள் இருந்தது வெள்ளைப் பெண்ணின் முகம். அந்தத் தோலுக்குப் பொருத்தமாக ஃபிலிமும் விளக்கும் அமைந்தபோது, கறுத்த முகங்கள் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும் நிழல்களாயின. பேரி ஜென்கின்ஸின் ‘மூன்லைட்’ (2016) படத்தில் ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் லாக்ஸ்டன் மியாமி வெளிச்சத்தில் ஒவ்வொரு முகத்தின் தனி நிறத்தையும் துலங்கவைத்தார். கறுப்பிலேயே எத்தனை கறுப்பு இருக்கிறது என்று அந்தப் படத்தில் தெரிகிறது.

சந்தை ஏற்காது என்பது இன்னொரு வாதம். நெடுங்காலம் தயாரிப்பாளர்கள் சொல்லிவந்தது இது: கறுப்பினக் கதைகள் வெளிநாட்டில் ஓடாது. ஜோர்டன் பீலின் திகில் படம் ‘கெட் அவுட்’ (2017) சுமார் 45 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு உலக அளவில் 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ‘பிளாக் பேந்தர்’ (2018) 130 கோடி டாலரைத் தாண்டியது. ஆகவே வாதம் தோற்றுவிட்டது. ஆனால் கணக்குப் பார்க்கும் முறை மாறவில்லை. வெள்ளை நாயகன் நடித்த படம் தோற்றால் திரைக்கதை சரியில்லை என்பார்கள், கறுப்பினப் படம் தோற்றால் அந்த வகையே ஓடாது என்பார்கள். கேத்லீன் காலின்ஸ் 1982இல் எடுத்த ‘லூசிங் கிரவுண்ட்’ படத்தின் நாயகி ஒரு தத்துவப் பேராசிரியை, கணவர் ஓவியர். அவர்களின் மணவாழ்க்கை ஒரு கோடையில் தடுமாறுவதுதான் கதை. பணிப்பெண்ணோ போதை வியாபாரியோ இல்லாத அந்தப் படத்தை அப்போது வெளியிட ஆள் கிடைக்கவில்லை. 1988இல் 46 வயதில் காலின்ஸ் இறந்தார். படம் திரையரங்குக்கு வந்தது 2015இல். பார்வையாளர்கள் அதை நிராகரித்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அவர்களிடம் அது போய்ச் சேரவே இல்லை.

கலைஞருக்குக் கட்டளையிடலாமா என்ற தயக்கமும் நேர்மையானதே. சிறந்த படத்துக்குப் போட்டியிட வேண்டுமானால் பன்மை தொடர்பான சில வரையறைகளை நிறைவேற்ற வேண்டும் என்று ஆஸ்கர் அமைப்பு விதித்தது 2024 விருதுகளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. படக்குழுவில் ஆட்களைச் சேர்த்தும் பயிற்சி வாய்ப்பு கொடுத்துமே அவற்றை நிறைவேற்றிவிடலாம் என்பதால் கலைச் சுதந்திரம் பறிபோகும் என்ற அச்சம் மிகை. அதே காரணத்தால் அவற்றால் பெரிய மாற்றம் வரும் என்றும் நான் நம்பவில்லை. எந்தக் கதைக்குப் பணம் போடுவது, எதை எத்தனை திரையரங்குகளில் வெளியிடுவது என்று முடிவெடுக்கும் நாற்காலிகளில் யார் இருக்கிறார்கள் என்பதே தீர்மானிக்கும். காலின்ஸுக்குக் கற்பனையில் குறையில்லை. அவர் படத்தை எடுத்துக்கொண்டு போய் நிற்க ஒரு வாசல் இல்லை.

நம் திரையையும் இதிலிருந்து விலக்கிவைக்க முடியாது. ஆப்பிரிக்கர் ஒருவரோடும் பழகாத கோடிக்கணக்கான இந்தியர்களுக்குச் சினிமாதான் அவர்களைப் பற்றிய அறிமுகம். ‘சிங்கம் 2’ (2013) படத்தில் ஆப்பிரிக்கர் போதைக் கடத்தல் தலைவன். அந்த ஒரு பாத்திரத்தை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. வில்லன்கள் எல்லா இனத்திலும் இருக்கலாம். அதற்கு ஈடாக வேறு எந்த ஆப்பிரிக்க முகத்தைத் தமிழ்ப் பார்வையாளர் நினைவுகூர முடியும்? 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களை ஒரு கும்பல் அடித்து உதைத்தது, ஆதாரமில்லாத போதைப்பொருள் சந்தேகத்தின் பேரில். அதற்குச் சினிமாதான் காரணம் என்று சொல்வது அபாண்டம். ஆனால் அந்தச் சந்தேகம் எளிதாக ஒட்டிக்கொள்ளும் பரப்பைத் தயார்செய்ததில் திரைக்கும் பங்குண்டு. மலையாளத்தில் ஸக்கரியா இயக்கிய ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ (2018) மலப்புரத்தில் செவன்ஸ் கால்பந்து ஆடவரும் நைஜீரிய இளைஞரைக் காட்டியது. காயம்பட்டுப் படுத்திருக்கும் அவரை வீட்டுப் பெண்மணிகள் பார்த்துக்கொள்கிறார்கள். அவருக்கும் ஊரில் பாட்டி உண்டு, தங்கைகள் உண்டு, பாஸ்போர்ட் கவலை உண்டு. படம் ஓடவும் செய்தது. திருப்பூருக்குப் பின்னலாடை கொள்முதல் செய்ய வரும் நைஜீரிய வியாபாரிகளும் நம் கல்லூரிகளில் படிக்கும் ஆப்பிரிக்க மாணவர்களும் பல ஆண்டுகளாக இங்கேயே இருக்கிறார்கள். அவர்களோடு பேரம் பேசியவர்களும் வீடு வாடகைக்கு விட்டவர்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தவர்களும் இருக்கிறார்கள். தமிழ்த் திரைக்கதை ஆசிரியர்கள் விசாரிக்க ஆரம்பிக்கலாம்.